பேட்டரி நிறைய இருக்கும்போதே இன்ஜின் ஏன் ஓடுகிறது? பிளக்-இன் ஹைப்ரிட் காரின் ஹீட்டர் வேலை செய்யும் விதம்

புதுச்சேரியில் நிறைய குடும்பங்களுக்கு பிரான்சில் ஆள் உண்டு. அங்கே இருக்கும் மகனோ மருமகனோ புதிதாக ஒரு பிளக்-இன் ஹைப்ரிட் கார் வாங்கியிருப்பார். டிசம்பர் வந்ததும் வீடியோ காலில் ஒரு புகார் வரும்: ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டாச்சு, நூறு சதவீதம் காட்டுது, காலையில் ஹீட்டரைப் போட்ட உடனே பெட்ரோல் இன்ஜின் ஓட ஆரம்பிக்குது, வண்டியில் ஏதாவது கோளாறா? இங்கே இருப்பவர்களுக்கும் இதே வகை கார் பற்றிய செய்திகள் கண்ணில் பட ஆரம்பித்துவிட்டன. ஒருமுறை சார்ஜ் போட்டால் இத்தனை கிலோமீட்டர் பெட்ரோலே வேண்டாம் என்று விளம்பரம் சொல்கிறது, ஓட்டுபவர் வேறு மாதிரி சொல்கிறார். இரண்டு பேரில் யாரும் பொய் சொல்லவில்லை. நடுவில் இருப்பது ஹீட்டர்.

கடலூர், புதுச்சேரி ஆட்களுக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்கலாம். நமக்கும் அது தேவைப்படுகிறது, அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் அடிப்படை.

எதை பிளக்-இன் ஹைப்ரிட் என்கிறோம்

ஹைப்ரிட் என்ற ஒரே பெயரில் மூன்று வகை வண்டி விற்கிறார்கள், குழப்பம் அங்கேயே தொடங்குகிறது.

1. மைல்டு ஹைப்ரிட். மின்மோட்டார் பெட்ரோல் இன்ஜினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான். தனியாக வண்டியை ஓட்டாது.

2. ஸ்ட்ராங் ஹைப்ரிட். இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா இவற்றின் ஹைப்ரிட் மாடல்கள் இந்த வகை. கொஞ்ச தூரம் மோட்டாரிலேயே போகும். ஆனால் பேட்டரி சின்னது, ஒன்று இரண்டு யூனிட் அளவுதான், வெளியிலிருந்து சார்ஜ் போட முடியாது. அதனால் இன்ஜின் அடிக்கடி ஓடிக்கொண்டே இருக்கும்.

3. பிளக்-இன் ஹைப்ரிட். வீட்டு பிளக்கில் சார்ஜ் போடலாம். பேட்டரி பெரும்பாலும் 8 முதல் 20 யூனிட் வரை. அன்றாட ஓட்டத்தை முழுக்க மின்சாரத்திலேயே முடிக்க முடியும், தூரம் போனால் பெட்ரோல் இன்ஜின் பார்த்துக்கொள்ளும். இந்தியாவில் வோல்வோ எக்ஸ்சி90 டி8, பிஎம்டபிள்யூ எக்ஸ்எம் மாதிரி விலை உயர்ந்த வண்டிகளாகவே இதுவரை அதிகம் வந்திருக்கின்றன, அதனால்தான் இந்த ஹீட்டர் விஷயம் இங்கே பலருக்குப் புதுசு.

யூனிட் என்று நான் எழுதுவது மின்கட்டண ரசீதில் வரும் அதே யூனிட். ஒரு கிலோவாட் இழுக்கும் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். கீழே வரும் கணக்குக்கு இது போதும்.

சாதாரண பெட்ரோல் காரில் சூடு எங்கிருந்து வருகிறது

பெட்ரோல் இன்ஜின் எரிக்கும் எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போல்தான் வேலையாக மாறுகிறது. மீதி முழுக்க சூடு. ஒரு பகுதி சைலன்சர் வழியாகப் புகையோடு வெளியேறும், இன்னொரு பகுதியை இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றும் கூலன்ட் தண்ணீர் வாங்கிக்கொண்டு முன்னால் இருக்கும் ரேடியேட்டரில் விடும். இன்ஜின் சூடேறிய பிறகு அந்தத் தண்ணீர் 90 டிகிரியை ஒட்டி இருக்கும்.

கார் ஹீட்டர் செய்வது, அந்தக் கொதிதண்ணீரில் கொஞ்சத்தை டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன ரேடியேட்டர் வழியாகச் சுற்ற விடுவது. இதை ஹீட்டர் கோர் என்பார்கள். புளோயர் ஊதும் காற்று அதன் வழியே போனால் சூடாக வரும். எவ்வளவு காற்று அதன் வழியே போக வேண்டும், எவ்வளவு பக்கவாட்டில் விலகிப் போக வேண்டும் என்பதை ஒரு மடல் தீர்மானிக்கும். நீங்கள் டெம்பரேச்சர் குமிழைத் திருப்பும்போது உள்ளே அசைவது அந்த மடல்.

ஆக பெட்ரோல் காரில் ஹீட்டருக்குத் தனிச் செலவு கிட்டத்தட்ட இல்லை. வெளியே கொட்டப்போகிற சூட்டில் கொஞ்சத்தை உள்ளே திருப்பிவிடுகிறோம். நூறு வருஷமாக இப்படியே பழகியதால் ஹீட்டருக்கு ஒரு விலை உண்டு என்பதே ஓட்டுபவர் மனதில் இல்லை.

இப்போது இன்ஜினை நிறுத்திவிட்டு மோட்டாரில் மட்டும் போங்கள். நல்ல மின்மோட்டார் வாங்கும் மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாற்றிவிடும். அது வீணாக்கும் சூடு ரொம்பக் குறைவு, ஆள் உட்காரும் இடத்தைச் சூடாக்கப் போதாது. அப்புறம் சூட்டுக்கு எங்கே போவது?

மூன்று வழிகள்

1. இன்ஜினையே ஓட்டுவது

இருப்பதிலேயே மலிவான தீர்வு. பழைய ஹீட்டர் அமைப்பை அப்படியே விட்டுவிடுவார்கள், வெந்நீர் வேண்டும் என்றால் கம்ப்யூட்டர் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும். ஹூண்டாய் அயோனிக், கியா நீரோ இவற்றின் பிளக்-இன் மாடல்கள் அமெரிக்காவில் விற்கப்பட்டபோது இப்படித்தான் இருந்தன. மிட்சுபிஷி அவுட்லாண்டர் 2013இல் வந்தபோதும் மின்ஹீட்டர் எல்லா மாடலிலும் இல்லை, சிலவற்றில் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதே பெயர், அதே பேட்டரி, ஆனால் ஒருவர் வண்டியில் இன்ஜின் ஓடும், பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் ஓடாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கியவர்கள்தான் கோளாறு என்று ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுகிறார்கள்.

நீண்ட பயணத்தில் இது மோசமான வழி என்று சொல்ல மாட்டேன். இன்ஜின் ஓடும்போது வண்டியையும் இழுக்கும் அல்லது பேட்டரியையும் ஏற்றும், கூடவே சூடும் வரும். மோசமாவது குட்டிப் பயணத்தில்தான். மூன்று நான்கு கிலோமீட்டர் போவதற்குள் இன்ஜின் சரியாகச் சூடேறாது. அந்த நேரத்தில் பெட்ரோல் அதிகமாகத் தெளிக்கப்படும், அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் கலக்கும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் சில நூறு டிகிரி சூடு வந்தால்தான் முழுதாக வேலை செய்யும் என்பதால் முதல் சில நிமிடப் புகைதான் இருப்பதிலேயே அழுக்கான புகை. சுத்தமாக ஓட்டலாம் என்று வாங்கிய வண்டி, குளிர் காலையில் குழந்தையைப் பள்ளியில் விடப்போகும் அந்தப் பயணத்தில் இப்படி ஓடுவது எனக்கு ஏற்றுக்கொள்ள முடியாத வடிவமைப்பு. சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க வண்டியின் நோக்கத்தையே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

2. மின்சாரத்தைச் சூடாக மாற்றுவது: பிடிசி ஹீட்டர்

பேரியம் டைட்டனேட் என்ற பீங்கான் வகைப் பொருளால் ஆனது. மின்சாரம் பாய்ந்தால் சூடாகும், ஒரு குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் அதன் மின்தடை சடாரென்று கூடிவிடும், அதனால் மின்சாரம் தானாகக் குறையும். இந்தக் குணத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்தான் பிடிசி. தனியாக ஒரு கட்டுப்பாடு கெட்டுப்போனாலும் இது தன்னையே எரித்துக்கொள்ளாது, காருக்குள் வைக்க அதனால்தான் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இதில் இரண்டு விதம். ஒன்று காற்றை நேரடியாகச் சூடாக்கும், போட்ட உடனே சூடு வரும். இன்னொன்று கூலன்ட் தண்ணீரைச் சூடாக்கி ஹீட்டர் கோருக்கு அனுப்பும். இரண்டாவது வகையில் ஒரு வால்வு இருப்பது முக்கியம்: இன்ஜின் நிற்கும்போது அது இன்ஜின் பக்கத் தண்ணீரை வெட்டிவிட்டு ஹீட்டர் பக்கம் மட்டும் ஒரு சின்னச் சுற்றாக ஓட விடும். இல்லாவிட்டால் பேட்டரி மின்சாரம் முழுக்கக் குளிர்ந்து கிடக்கும் இன்ஜின் இரும்பைச் சூடாக்கவே போய்விடும். 2010 இறுதியில் வந்த செவ்ரலே வோல்ட்டில் இந்த அமைப்பு இருந்தது. இன்ஜின் ஓடி முடித்து நின்றால் அதே வால்வு திறந்து, இன்ஜினில் தங்கியிருக்கும் சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும்.

இந்த ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரம் வாங்கினால் ஒரு யூனிட் சூடு தரும், அதற்கு மேல் தராது. 3 முதல் 7 கிலோவாட் வரை இழுக்கும்.

3. சூட்டை வெளியிலிருந்து கொண்டுவருவது: ஹீட் பம்ப்

வீட்டு ஏசி ஓடும்போது வெளி யூனிட்டுக்கு முன்னால் நின்று பாருங்கள், அனலாகக் காற்று வரும். அறைக்குள் இருந்த சூட்டைத்தான் அது வெளியே கொட்டுகிறது. அதே இயந்திரத்தைத் திருப்பிப் போட்டால் வெளியே உள்ள காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சி உள்ளே கொட்டும். வெளியே 5 டிகிரி குளிராக இருந்தாலும் அந்தக் காற்றில் சூடு இருக்கத்தான் செய்கிறது, அதைவிடக் குளிர்ந்த ஒரு வாயுவை வெளிக் காயிலில் சுற்ற விட்டால் சூடு அதற்குள் வந்துவிடும். கம்ப்ரசர் அதை அழுத்தி வெப்பநிலையை ஏற்றிக் கொடுக்கும்.

மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு மூன்று யூனிட் சூடு கிடைக்கும். மின்சாரம் சூடாக மாறவில்லை, சூட்டைச் சுமந்து வரும் கூலி மட்டும் வாங்குகிறது, லாபம் அங்கேதான். குளிர் கூடக்கூட லாபம் குறையும், வெளிக் காயிலில் பனி பிடிக்கும், கடைசியில் உதவிக்கு ஆள் வேண்டும். டொயோட்டா தன் இரண்டாம் தலைமுறை பிளக்-இன் பிரியஸில் ஹீட் பம்ப் வைத்தது. சுமார் மைனஸ் 10 டிகிரி வரை இன்ஜினைத் தொடாமல் சமாளிக்கும், அதற்குக் கீழே போனால் இன்ஜின் ஓடும்.

இந்த மூன்று போக, சில ஐரோப்பிய வண்டிகளில் பெட்ரோலை எரித்துக் கூலன்ட்டைச் சூடாக்கும் சின்ன பர்னர் ஒன்றும் இருக்கும். இன்ஜின் ஓடாது, ஆனால் புகை வரும். மூடிய கராஜுக்குள் அதைப் போடக்கூடாது, கார்பன் மோனாக்சைடு உயிருக்கு ஆபத்து.

எத்தனை கிலோமீட்டர் போகும்: கணக்கு

பாரீசில் ஒரு ஜனவரி காலை என்று வைத்துக்கொள்வோம், வெளியே 5 டிகிரி. பேட்டரியில் பயன்படுத்தக்கூடியது 10 யூனிட். வண்டி 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் தின்னும், சராசரி வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். அப்படியென்றால் ஓடுவதற்கு மட்டும் மணிக்கு 4.5 யூனிட்.

1. ஹீட்டர் இல்லாமல்: சுமார் 67 கிலோமீட்டர்.

2. சராசரியாக 3 கிலோவாட் இழுக்கும் பிடிசி ஹீட்டரோடு: மணிக்கு 7.5 யூனிட் ஆகிறது, 40 கிலோமீட்டர்.

3. அதே சூட்டை 1.2 கிலோவாட்டில் தரும் ஹீட் பம்போடு: மணிக்கு 5.7 யூனிட், சுமார் 53 கிலோமீட்டர்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஹீட்டர் இழுப்பது தூரத்தைப் பொறுத்ததல்ல, நேரத்தைப் பொறுத்தது. நெரிசலில் சராசரி வேகம் 15ஆகக் குறைந்தால், கிலோமீட்டருக்கு அதே மின்சாரம் என்று வைத்துக்கொண்டாலும், ஓட்டத்துக்கு மணிக்கு 2.25 யூனிட்தான், ஹீட்டருக்கு 3 யூனிட். அதாவது வண்டியை நகர்த்துவதைவிட ஆளைச் சூடாக வைத்திருக்கவே அதிகம் செலவு. தூரம் 29 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும்.

முழு மின்சாரக் காரிலும் இதே கதைதான், ஆனால் 50, 60 யூனிட் பேட்டரியில் 3 யூனிட் போனால் அவ்வளவாகத் தெரியாது. பிளக்-இன் ஹைப்ரிட்டின் சின்னப் பேட்டரியில் அது மூன்றில் ஒரு பங்கு. வாகன நிறுவனங்கள் ஹீட்டருக்கு இன்ஜினை நம்பியதற்கு விலை ஒரு காரணம் என்றால், இந்தக் கணக்கு இன்னொரு காரணம்.

விளம்பர எண்ணும் நிஜமும் ஏன் ஒட்டவில்லை

ஐரோப்பாவில் காரின் எரிபொருள் செலவை அளக்கும் டபிள்யூஎல்டிபி சோதனை 23 டிகிரி அறையில் நடக்கிறது, ஏசியும் ஹீட்டரும் அணைத்த நிலையில். எல்லா வண்டிக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் குளிர்காலத்துச் செலவு அந்த எண்ணில் இல்லவே இல்லை.

2024 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் ஓர் அறிக்கை கொடுத்தது. 2021இல் பதிவான கார்களுக்குள்ளேயே இருக்கும் மீட்டர் விவரங்களை எடுத்துப் பார்த்ததில், பிளக்-இன் ஹைப்ரிட்கள் சாலையில் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு, சோதனையில் சொன்னதைப் போல் சராசரியாக மூன்றரை மடங்கு. சார்ஜ் போடாமல் ஓட்டுவதும், எதிர்பார்த்ததைவிட மின்சாரத்தில் குறைவாக ஓடுவதும்தான் இதற்கு முக்கியக் காரணம் என்று ஆணையமே சொல்கிறது. முழு மூன்றரை மடங்கையும் ஹீட்டர் தலையில் கட்டுவது தப்பு. ஆனால் ஒழுங்காகத் தினமும் சார்ஜ் போடுகிறவர் வண்டியிலும் குளிர்காலத்தில் பெட்ரோல் இறங்குகிறதென்றால், ஹீட்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பேட்டரி இருந்தும் இன்ஜின் ஓடுவதற்கு வேறு காரணங்கள்

1. மிகக் குளிரில் லித்தியம் பேட்டரி முழு சக்தி தராது, வேகமாக சார்ஜையும் வாங்காது. அது சூடேறும் வரை இன்ஜின் கை கொடுக்கும்.

2. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் மோட்டார் மட்டும் போதாது என்று இன்ஜின் சேரும்.

3. நெடுநாள் ஓடாத இன்ஜினைக் கம்ப்யூட்டரே கொஞ்ச நேரம் ஓட்டிவிடும். வோல்ட்டில் சுமார் ஆறு வாரம் ஓடாமல் இருந்தால் இது நடக்கும். ஆயில் எல்லா இடத்துக்கும் போக வேண்டும், அதற்காக.

4. பேட்டரி நிறைந்திருக்கும்போது மலை இறக்கம். பிரேக் போடும் சக்தியைச் சேர்த்துவைக்க இடம் இல்லாததால் சில வண்டிகளில் இன்ஜினைச் சும்மா சுழல விட்டு வேகத்தைக் குறைப்பார்கள். சத்தம் கேட்கும், பெட்ரோல் எரியாது.

இந்த நான்கும் இல்லாமல், ஹீட்டர் அணைத்திருந்தும், இதமான நாளிலும் ஒவ்வொரு முறையும் இன்ஜின் ஓடினால் அப்போது ஒர்க்‌ஷாப்பில் காட்டலாம்.

சரி, நம்ம ஊரில் இது எங்கே வருகிறது

வெயில் காலத்தில் ஏசியைப் பொறுத்தவரை பிளக்-இன் ஹைப்ரிட்டில் தலைவலி இல்லை. கம்ப்ரசரை பெல்ட்டில் இன்ஜின் சுற்றாது, பேட்டரியின் உயர் மின்னழுத்தத்தில் தனி மோட்டாரே சுற்றும். அதனால் இன்ஜின் நின்றாலும் ஏசி ஓடும். வெயிலில் நின்ற வண்டியை எடுக்கும்போது முதல் சில நிமிடம் அதிகம் இழுக்கும், அறை குளிர்ந்த பிறகு குறைந்துவிடும். வெளியே 38, உள்ளே 24 என்றால் 14 டிகிரி வித்தியாசம். பாரீசில் வெளியே 5, உள்ளே 22 என்றால் 17. அதோடு ஏசி என்பதே சூட்டைச் சுமந்து தள்ளும் இயந்திரம், ஒரு யூனிட்டுக்கு இரண்டு மூன்று யூனிட் வேலை செய்யும். குளிரில் உள்காற்றையே சுற்ற விட்டால் கண்ணாடியில் ஆவி படியும் என்பதால் வெளிக்காற்றைத் தொடர்ந்து எடுத்துச் சூடாக்க வேண்டியிருக்கிறது. நம் ஊர் ஏசியில் உள்காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கலாம். அதனால் நம் கோடை அவர்கள் குளிர்காலத்தைவிடப் பேட்டரிக்கு இலகுவானது.

சிக்கல் மழையில். 2011இல் ‘தானே’, 2024 நவம்பர் இறுதியில் ‘ஃபெஞ்சல்’ என்று புயல்கள் நம் கரையைக் கடந்த நேரத்து மழையை விடுங்கள், சாதாரண ஐப்பசி அடைமழையையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே 24 டிகிரி, காற்றில் ஈரம் நிறைந்து நிற்கிறது. நனைந்த நான்கு பேர் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்துகிறார்கள். மூச்சிலும் துணியிலும் இருந்து நீராவி சேர்கிறது. கண்ணாடியோ மழையில் நனைந்து 24 டிகிரியில் நிற்கிறது. சில நிமிடத்தில் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்து, மரக்காணம் ரோட்டில் எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு மட்டும் கலங்கித் தெரியும். இது பயப்பட வேண்டிய நிலைமை.

இதைத் தீர்க்கும் முறை இரண்டு படி. முதல் படி, காற்றை ஏசியின் கூலிங் காயில் வழியே அனுப்பி அதிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக வடிய விடுவது. வண்டிக்கு அடியில் சொட்டுவது அந்தத் தண்ணீர்தான். இரண்டாவது படி, காய்ந்துபோன அந்தக் குளிர்ந்த காற்றை ஹீட்டர் கோர் வழியே விட்டு மறுபடி சூடாக்கிக் கண்ணாடிமேல் ஊதுவது. பெட்ரோல் காரில் கொதிதண்ணீர் எப்போதும் தயாராக இருப்பதால் இரண்டாவது படி நடப்பதே யாருக்கும் தெரியாது.

பிளக்-இன் ஹைப்ரிட் மின்சாரத்தில் ஓடும்போது இரண்டாவது படிக்கு வெந்நீர் இல்லை. அப்போது வண்டியைப் பொறுத்து மூன்றில் ஒன்று நடக்கும்.

முதலாவது, முன்கண்ணாடி டிஃபாக்கர் பட்டனை அழுத்தியதும் இன்ஜின் ஓடும். சில மாடல்களில் இது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு, கண்ணாடி தெளிவது பெட்ரோல் மிச்சத்தைவிட முக்கியம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். சரியான முடிவுதான்.

இரண்டாவது, பிடிசி ஹீட்டர் காற்றைச் சூடாக்கும். நமக்கு வேண்டியது 24 டிகிரியைச் சுற்றியே என்பதால் பாரீஸ் அளவு இழுக்காது.

மூன்றாவது, ஹீட் பம்ப் இருந்தால் கூலிங் காயில் காற்றிலிருந்து பிடுங்கிய சூட்டையே அடுத்த காயிலில் அதே காற்றுக்குத் திருப்பிக் கொடுக்க முடியும். ஈரம் மட்டும் வெளியே போகும், சூடு உள்ளேயே தங்கும். வட ஐரோப்பியக் குளிருக்காகத்தான் ஹீட் பம்ப் என்று பலர் நினைக்கிறார்கள். ஈரப்பதமும் மிதமான வெப்பமும் சேர்ந்த நம் கடற்கரை மழைக்காலத்துக்கு அது அதைவிடப் பொருத்தமாக அமையும் என்பது என் கருத்து.

மறுசூடு இல்லாமல் வெறும் குளிர்காற்றை மட்டும் கண்ணாடிமேல் ஊதினால் என்ன ஆகும்? உள்பக்கம் சீக்கிரம் தெளியும். ஆனால் கண்ணாடியே குளிர்ந்துபோய், வெளியே இருக்கும் ஈரக்காற்று அதன் வெளிப்பக்கம் படிய ஆரம்பிக்கும். முன்கண்ணாடியை வைப்பர் துடைத்துவிடும், பக்கக் கண்ணாடியை யார் துடைப்பது? ரியர்வியூ பார்க்க முடியாமல் தவிப்பீர்கள். மே மாத இரவில் ஈசிஆரில் மழையே இல்லாமல் முன்கண்ணாடியின் வெளிப்பக்கம் மங்குவதும் இதே காரணத்தால்தான். அதற்கு மருந்து வைப்பர் ஒரு சுற்று, ஏசியின் டெம்பரேச்சரை இரண்டு மூன்று டிகிரி ஏற்றுவது, கண்ணாடிமேல் ஊதும் காற்றை நிறுத்துவது.

இன்னொரு இடத்திலும் நம் ஊரில் ஹீட்டர் கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்யும். மார்கழி, தை விடியற்காலையில் புதுச்சேரியில் 21, 22 டிகிரிக்கு இறங்கும். ஆட்டோ ஏசியை நீங்கள் 25இல் வைத்துவிட்டு இறங்கியிருப்பீர்கள். காலையில் வண்டி எடுத்ததும் உள்ளே 22 இருப்பதைப் பார்த்து அது 25ஆக்க ஹீட்டரைக் கேட்கும். இன்ஜினை நம்பிய மாடலாக இருந்தால் உடனே இன்ஜின் ஓடும். நீங்கள் ஹீட்டரைத் தொடவே இல்லை, அதனால் கோளாறு என்று தோன்றும். 21இல் வையுங்கள், அல்லது புளோயரை மட்டும் போடுங்கள், நின்றுவிடும்.

ஊட்டி, ஏற்காடு போனால்

மலை ஏறும்போது கவலை இல்லை. அவ்வளவு தூரம் போவதற்குள் பேட்டரி தீர்ந்து இன்ஜின்தான் இழுத்துக்கொண்டிருக்கும், கொண்டை ஊசி வளைவுகளில் அது நன்றாகவே சூடாக இருக்கும். ஹீட்டருக்குத் தனிச் செலவு இல்லை. மேலே ஹோட்டலில் இரவு சார்ஜ் போட்டுவிட்டு, டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் ஊட்டியில் வண்டி எடுக்கும்போதுதான் பாரீஸ் புகார் இங்கே வரும். நூறு சதவீதம், ஹீட்டர், இன்ஜின் சத்தம்.

இறக்கத்தில் பாதி வழியில் இன்ஜின் நின்றுவிட்டால் கொஞ்ச நேரத்துக்கு ஹீட்டர் சூடாகவே வரும். 6 லிட்டர் கூலன்ட் 90 டிகிரியிலிருந்து 50க்கு இறங்கினால் ஏறத்தாழ கால் யூனிட் சூடு கிடைக்கும், இன்ஜின் இரும்பு தருவது தனி. அது தீர்ந்ததும் மறுபடி ஓடும். ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி ஓடி நிற்பதாகத் தெரிந்தால் அது இந்தச் சுழற்சிதான்.

என்ன செய்யலாம்

பிளக்கில் இருக்கும்போதே உள்ளறையைச் சூடாக்கிவிட்டு அல்லது குளிர்வித்துவிட்டுக் கிளம்புவது நல்ல பழக்கம், செயலியில் நேரம் வைத்தால் போதும். ஆனால் சாதாரண பிளக்கில் 10 ஆம்பியரில் வருவது 2.3 கிலோவாட்தான். ஹீட்டர் 5 கிலோவாட் கேட்டால் மீதியைப் பேட்டரி கொடுக்கும், பிளக்கில் இருந்தும் சதவீதம் கொஞ்சம் இறங்கலாம். சார்ஜர் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

குளிர் நாட்டில் இருப்பவர்களுக்கு சீட் ஹீட்டர் பெரிய மிச்சம். ஒரு சீட்டுக்கு 50 முதல் 100 வாட் அளவே இழுக்கும், உடம்பை நேரடியாகச் சூடாக்கும். அதைப் போட்டுக்கொண்டு அறைச் சூட்டை 22க்குப் பதில் 19இல் வைத்தால் பல மாடல்களில் இன்ஜின் ஓடும் நேரம் கணிசமாகக் குறையும். கண்ணாடி மங்கினால் மட்டும் இந்த மிச்சம் எல்லாம் பார்க்கக் கூடாது, உடனே டிஃபாக்கரைப் போட வேண்டும், இன்ஜின் ஓடினால் ஓடட்டும்.

வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் கேட்க வேண்டியவை:

1. இந்த மாடலில், நான் வாங்கும் இதே வேரியண்டில், மின்சார ஹீட்டர் இருக்கிறதா? பிடிசியா, ஹீட் பம்பா? ஐரோப்பாவில் இருப்பது இங்கே விற்கும் வண்டியில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, வெப்ப நாடு என்று சொல்லி எடுத்துவிட வாய்ப்பு உண்டு.

2. முன்கண்ணாடி டிஃபாக்கரைப் போட்டால் இன்ஜின் ஓடுமா?

3. இன்ஜின் கட்டாயம் ஓடும் வெப்பநிலை எது? ஓட்டுநர் கையேட்டில் எழுதியிருக்கும், எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

4. பிளக்கில் இருக்கும்போது உள்ளறையைக் குளிர்விக்கும் வசதி உண்டா?

விற்பனையாளருக்கு இவற்றுக்கு உடனே பதில் தெரியாவிட்டால் டெஸ்ட் டிரைவில் நீங்களே பார்த்துவிடலாம். பேட்டரி நிறைந்த வண்டியைக் கேளுங்கள், மின்சார மோடில் வைத்து, டெம்பரேச்சரைக் கடைசி வரை ஏற்றி, ஐந்து நிமிடம் விடுங்கள். இன்ஜின் ஓடினால் முதல் வகை. ஓடாமல் சூடான காற்று வந்தால், திரையில் மின்சாரச் செலவு எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள்.